ஒரே வீடு, ஒரே காய்ச்சல், மூன்று வாசல்கள்

பத்து நாட்களுக்குள் ஒரு வீட்டில் மூன்று பேர் அடுத்தடுத்துப் படுத்தார்கள். 6 வயதுக் குழந்தை, 38 வயது அப்பா, 74 வயதுப் பாட்டி. குழந்தையை நள்ளிரவில் பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்று ஒரு போன் போதுமாக இருந்தது. அப்பா யாரையும் கேட்காமல் மாத்திரைகளை விழுங்கினார். மருந்துக்கடையில் ஒரு நிமிடம் பேசியிருந்தால் அந்தச் சிக்கலே வந்திருக்காது. பாட்டியை மட்டும் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். மூவரில் மருத்துவம் மிக அவசரமாகத் தேவைப்பட்டவர் அவர்தான்.

நான் அந்தக் குடும்பத்தின் மருத்துவர். அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், நடந்த வரிசையை மாற்றவில்லை. எங்கள் கிளினிக்கின் தவறும் இதில் இருக்கிறது. அதை ஒளித்துவிட்டு எழுதினால் யாருக்கும் பயனில்லை.

சின்ன உபாதைக்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள் என்று நாங்கள் காலம் காலமாகச் சொல்லிவருகிறோம். அதில் நியாயம் உண்டு. ஆனால் இந்த வீட்டில் பாட்டியைத் தாமதப்படுத்தியது அந்த அறிவுரைதான்.

முதல் நாள்: குழந்தை

மாலையில் விளையாடிக்கொண்டிருந்த பெண், இரவு எட்டு மணிக்கு உடம்பு சுடுகிறது என்றாள். பத்து மணிக்குத் தெர்மாமீட்டர் 39.6 டிகிரி செல்சியஸ் காட்டியது. அம்மா 5 மில்லி பாராசிட்டமால் சிரப் கொடுத்தார். ஒரு மணி நேரம் கழித்தும் 39.3. அவருடைய அண்ணன் மகனுக்கு 2 வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்ததை அவர் நேரில் பார்த்திருக்கிறார். அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. பதினொன்றரைக்கு அவசர சிகிச்சைப் பிரிவின் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகு ஒரு மருத்துவர் பார்த்தார். குழந்தை தண்ணீர் குடிக்கிறாள், சிறுநீர் போயிருக்கிறாள், கழுத்தை வளைக்க முடிகிறது, உடம்பில் தடிப்பு இல்லை, நெஞ்சில் சத்தம் இல்லை, தொண்டை மட்டும் சிவந்திருக்கிறது. வைரஸ் காய்ச்சல் என்றார். பரிசோதனையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கிளம்பும்போது, “இதுக்கெல்லாம் நடுராத்திரியில இங்க வரலாமா? மூணு நாள் காய்ச்சல் விடலைன்னா உங்க டாக்டரைப் போய்ப் பாருங்க” என்றார்.

அந்த மருத்துவரின் களைப்பு எனக்குத் தெரியும். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். ஆனாலும் அந்த இரண்டு வாக்கியங்கள் என்ன செய்தன என்பது பத்தாம் நாள்தான் தெரிந்தது.

அன்றிரவு உண்மையில் என்ன நடந்தது என்று பார்ப்போம். குழந்தையின் எடை 20 கிலோ. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், அதாவது 200 முதல் 300 மில்லிகிராம் தேவை. அம்மா வைத்திருந்த பாட்டிலில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம்தான் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு, குழந்தை சின்னவளாக இருந்தபோது சொன்ன அளவையே இப்போதும் கொடுத்திருக்கிறார். மருந்து குறைவு, அதனால் சூடு இறங்கவில்லை, அதனால் பயம். பாட்டிலுக்குப் பாட்டில் செறிவு வேறு என்பதால் ‘5 மில்லி’ என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது ஆபத்து. லேபிளையும் எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதை ஒரு மருந்தாளுநரோ செவிலியரோ போனில் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார்கள்.

வலிப்பைப் பற்றிய பயமும் பேசப்படவே இல்லை. காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் 6 மாதம் முதல் 5 வயதுக்குள் வருவது. முன்பு ஒருமுறையும் வராத 6 வயதுக் குழந்தைக்குப் புதிதாக வருவது அரிது. தவிர, காய்ச்சல் மருந்து கொடுத்தால் வலிப்பைத் தடுக்கலாம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. குழந்தை சிரமமில்லாமல் இருப்பதற்குத்தான் மருந்து, தெர்மாமீட்டர் எண்ணைக் கீழே இறக்குவதற்காக இல்லை. இதைச் சொல்லியிருந்தால் அந்தத் தாய் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

காத்திருந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் வந்தவருக்கு முதலில் என்ற கணக்குக் கிடையாது. பல நாடுகளில் பயன்படும் மான்செஸ்டர் முறையில், யாரை எவ்வளவு நேரத்துக்குள் பார்க்க வேண்டும் என்பதைக் குறிக்க ஐந்து நிறங்கள். சிவப்பு என்றால் உடனே, ஆரஞ்சு 10 நிமிடம், மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240 நிமிடம். அங்கே நீண்ட நேரம் காக்க வைக்கப்படுவது, உங்களை முதலில் பார்த்த செவிலியர் உயிருக்கு ஆபத்தில்லை என்று மதிப்பிட்டிருக்கிறார் என்பதன் அடையாளம். இதை யாரும் காத்திருப்பவர்களிடம் சொல்வதில்லை. அவர்கள் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதே சமயம், காத்திருக்கும்போது நிலைமை மோசமானால் எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். முதலில் கொடுத்த நிறம் அந்த நிமிடத்துக்கான மதிப்பீடு மட்டுமே.

நான்காம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது.

ஆறாம் நாள்: அப்பா

குழந்தைக்கு விட்ட அன்றே அப்பாவுக்குப் பிடித்தது. உடம்பு வலி, தலைவலி, மூக்கடைப்பு. “மூணு நாள் ஆகட்டும்” என்று வேலைக்குப் போய்க்கொண்டே சமாளித்தார். பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரையை இரண்டிரண்டாக நாளுக்கு மூன்று வேளை. மூக்கடைப்புக்குத் தனியாக ஒரு ‘சளி மாத்திரை’, நாளுக்கு நான்கு. ஆறாம் நாள் மாலை இருமல் மருந்து வாங்க மருந்துக்கடைக்குப் போனார்.

கவுண்ட்டரில் இருந்த மருந்தாளுநர் இருமல் மருந்தை எடுக்கும் முன்பு கேட்டார்: “இப்ப வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?” அப்பா செல்போனில் அட்டைகளின் படத்தைக் காட்டினார். சளி மாத்திரை ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருந்தது. அவருக்கு அது தெரியாது. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 5 கிராம். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்துக்கு 4 கிராம்தான் உச்ச அளவு. அதைத் தாண்டி இரண்டு நாளாகச் சாப்பிட்டிருக்கிறார். போதாததற்கு, அந்தச் சளி மாத்திரையில் மூக்கடைப்பைக் குறைக்கும் மருந்தும் இருந்தது. அது ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. அவர் ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்.

மருந்தாளுநர் எங்களுக்குப் போன் செய்தார். நான் அப்பாவிடம் பேசி, அன்றே மருத்துவமனைக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னேன். “மறுபடியும் அங்கேயா டாக்டர்?” என்று தயங்கினார். நானே அங்கே பேசி அனுப்பி வைத்தேன். ரத்தத்தில் மருந்தின் அளவும் கல்லீரல் பரிசோதனையும் சரியாக இருந்தன. இரவே வீடு திரும்பிவிட்டார்.

இந்த இரண்டாவது பயணம் முற்றிலும் சரியானது. கல்லீரல் பாதிப்பு தொடக்கத்தில் வெளியே தெரியாது. வலிக்கும்வரை காத்திருந்தால் விஷமுறிவு மருந்தின் முழுப் பலன் கிடைக்காமல் போகலாம். ஆனால் வீட்டில் அது எப்படிப் பதிந்தது? “இரண்டாவது தடவையும் போனோம், இரண்டாவது தடவையும் ஒன்றுமில்லை என்றார்கள்.” பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்தால் போனதே வீண் என்று நினைப்பது மனித இயல்பு. மருத்துவர்களும் அப்படித்தான் நினைக்கிறோம். முடிவைப் பார்த்துவிட்டு, எடுத்த தீர்மானத்தைத் தப்பு என்று சொல்லிவிடுகிறோம்.

மருந்துக்கடையைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நோயாளி விழுங்கும் எல்லா மருந்துகளும், மருத்துவர் எழுதியதும் தானாக வாங்கியதும், ஒன்றாகத் தெரிய வாய்ப்புள்ள இடம் அது ஒன்றுதான். என்னிடம் வருபவர்கள் நான் எழுதிய மருந்தைச் சொல்வார்கள், கடையில் வாங்கியதைச் சொல்ல மாட்டார்கள். அது மருந்தென்றே அவர்கள் மனதில் இருக்காது. பயிற்சி பெற்ற மருந்தாளுநர் கவுண்ட்டருக்குப் பின்னால் இருந்தால், சளி, தொண்டை வலி, ஒவ்வாமைத் தும்மல், வாய்ப்புண், பூச்சிக்கடி, சாதாரண வயிற்றுப்போக்கு, நெஞ்செரிச்சல் இவற்றுக்கெல்லாம் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். பெயர் சொல்லி மருந்து கேட்பதைவிட, உபாதையைச் சொல்லி, வயதைச் சொல்லி, ஏற்கெனவே எடுக்கும் மருந்தைச் சொல்லிக் கேட்பது பல மடங்கு நல்லது. அந்த அப்பா இருமல் மருந்தின் பெயரை மட்டும் சொல்லியிருந்து, மருந்தாளுநரும் எடுத்துக் கொடுத்திருந்தால், எங்களுக்கு எதுவுமே தெரிந்திருக்காது.

ஏழாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை: பாட்டி

பாட்டி, குழந்தையின் அம்மாவைப் பெற்றவர். 15 வருடமாகச் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம். ஏழாம் நாள் காலையில் லேசான இருமல், அசதி. எட்டாம் நாள் சாப்பாடு பிடிக்கவில்லை, பகல் முழுவதும் தூங்கினார். காய்ச்சல் பார்த்தார்கள். 37.4 டிகிரி.

39.6 டிகிரி அடித்த குழந்தைக்கே ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். 37.4 டிகிரிக்கு என்ன செய்வது? அந்த வீட்டில் யார் இருந்தாலும் இப்படித்தான் யோசித்திருப்பார்கள். முதல் இரவு அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் இரண்டு எண்கள்: டிகிரியும் நாளும். சூடு அதிகமில்லை, மூன்று நாள் ஆகவில்லை. ஆகவே காத்திருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் மகளுக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் கிளினிக்குக்குப் போன் செய்தார். வரவேற்பில் இருப்பவர் எங்கள் வழக்கமான கேள்வித்தாளைப் பார்த்துக் கேட்டார். காய்ச்சல் எவ்வளவு? 37.4. எத்தனை நாளாக? இரண்டு நாளாக. சரி, நாளை மாலை நான்கு மணிக்கு அழைத்து வாருங்கள். பேச்சு ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. அவர் மேல் குற்றமில்லை. அந்தக் கேள்வித்தாளை எழுதியவன் நான். அதில் நோயாளியின் வயது என்ன என்ற கேள்விகூட இல்லை. மூச்சு எப்படி இருக்கிறது என்ற கேள்வி இல்லை. சளிக்காய்ச்சல் பருவத்தில் வரும் நூற்றுக்கணக்கான போன்களை வடிகட்டுவதற்காக எழுதியது அது. அப்படியே வடிகட்டியது.

பத்தாம் நாள் காலை எட்டு மணிக்கு மறுபடி போன். வரவேற்பாளர் இன்னும் வந்திருக்கவில்லை, நானே எடுத்தேன். “சும்மா தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க டாக்டர்” என்று தொடங்கினார் மகள். “அம்மா என்னை அக்கா பேர் சொல்லிக் கூப்பிடறாங்க. ராத்திரி படுக்கையிலேயே சிறுநீர் போயிட்டாங்க. தூக்கக் கலக்கமா இருக்குமோன்னு…”

நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணச் சொன்னேன். இங்கே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் முடிந்ததும் நிறுத்தச் சொன்னேன். 34. ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டும். 30-ஐத் தொட்டாலே நுரையீரல் தொற்றில் கடுமையான நிலை. கூடவே புதிதாக வந்த குழப்பம். கூடவே வயது. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, அது வரும்வரை போனிலேயே இருந்தேன்.

மருத்துவமனையில் ரத்தத்தில் ஆக்சிஜன் 86 சதவீதம். வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிமோனியா. இன்ஃபுளுயென்சா ஏ வைரஸ் இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. குழந்தைக்கும் அப்பாவுக்கும் பரிசோதனை செய்யவில்லை என்றாலும், வந்த இடைவெளியைப் பார்த்தால் அதே கிருமியாகத்தான் இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்காததாலும், வழக்கமான ரத்த அழுத்த மாத்திரைகளைத் தொடர்ந்ததாலும் சிறுநீரகமும் தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டிருந்தது. ஒன்பது நாள் உள்ளே இருந்து வீடு திரும்பினார்.

எங்கே தவறியது

முதியவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடித்தே தீர வேண்டும் என்பதில்லை. உடலின் எதிர்ப்பு முறை மந்தமாகியிருக்கும். அவர்களிடம் முதலில் தெரிவது குழப்பம், தடுமாறி விழுவது, சாப்பிடாமல் இருப்பது, எந்நேரமும் தூக்கம், திடீரென்று சிறுநீர் கட்டுப்படாமல் போவது. இவை எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு சமாதானம் தயாராக இருக்கும்: வயசாயிடுச்சு. நேற்று வரை பேரப்பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துக்கொடுத்தவர் இன்று மகளின் பெயரை மாற்றிச் சொன்னால், ஒரே இரவில் வயதாகிவிடாது.

ஏழாம் நாளையும் விட்டுவிட முடியாது. இன்ஃபுளுயென்சாவுக்கு ஒசெல்டாமிவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து உண்டு. அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அதிகப் பலன். வீட்டில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது, மூன்றாவதாக 74 வயது சர்க்கரை நோயாளிக்கு இருமல் தொடங்குகிறது. அன்று காலையிலேயே மகள் எங்களை அழைத்திருக்க வேண்டும். ‘மூன்று நாள் பாருங்கள்’ என்ற விதி, பாட்டியைப் பொறுத்தவரை மருந்து வேலை செய்யும் நேரத்தைச் சரியாகக் கடத்திவிட்டது. ஆரோக்கியமான 6 வயதுக் குழந்தைக்குச் சொன்னது அது. வீட்டில் உள்ள எல்லோருக்கும் பொருந்தும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இது குழந்தைக்கு மட்டும்தான் என்று யாரும் சொல்லவில்லையே.

எந்தச் சிகிச்சை இடத்துக்குப் போவது என்பதை நோயின் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது என்பதுதான் இந்த வீட்டில் நான் கற்றது. மூன்று பேருக்கும் நோய் ஒன்றுதான். குழந்தைக்கு வீடும் போனும் போதும். அப்பாவுக்கு மருந்துக்கடை. பாட்டிக்கு முதல் நாள் கிளினிக், நான்காம் நாள் ஆம்புலன்ஸ். யாருக்கு வந்திருக்கிறது, அவர் வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார், இன்று பார்க்காமல் நாளை பார்த்தால் எதை இழப்போம் என்பதை வைத்துத்தான் வாசலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

‘யாருக்கு’ என்ற கேள்வியில் சிலர் தனி வரிசை. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி என்றாலே அன்றே, அந்த நேரமே மருத்துவர் பார்க்க வேண்டும். மற்றபடி நன்றாக இருந்தாலும் சரி. கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இதயம், சிறுநீரகம், நுரையீரல் நோய் உள்ளவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், ஸ்டீராய்டு போல நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள். இவர்களுக்கு ‘சின்ன’ உபாதை என்ற சொல்லையே நான் யோசித்துத்தான் பயன்படுத்துகிறேன். கீமோதெரபி எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அது இரவு இரண்டு மணியானாலும் அவசரம்.

‘வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகல்’ என்பதை வீட்டில் இருப்பவர்தான் சிறப்பாகச் சொல்ல முடியும். நான் பரிசோதித்து அறிவதைவிட அது பல நேரம் நம்பகமானது. குடிக்கிறாரா, சிறுநீர் போகிறதா, மூச்சு வேகமா, முகம் பார்த்துப் பேசுகிறாரா. குழந்தைகளின் மூச்சை எண்ணுவதற்கு உலக சுகாதார நிறுவனம் எளிய அளவு தந்திருக்கிறது. 2 மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கண்ணாடி டம்ளரால் அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் காய்ச்சலோடு இருந்தால் எங்கேயும் போன் செய்துகொண்டிருக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, நாளை பார்த்தால் என்ன இழப்போம் என்பது. இதற்குப் பதில் சொல்ல, ஒரு நோய் தானாக எத்தனை நாளில் சரியாகும் என்பது தெரிந்திருக்க வேண்டும். இங்கே நாங்கள் மக்களைப் பெரிதும் கைவிட்டிருக்கிறோம். தொண்டை வலி பொதுவாக ஒரு வாரம் இருக்கும். சாதாரணச் சளி பத்து நாள் வரை. இருமல் மூன்று வாரம் வரை இழுக்கும். இது தெரியாதவர் ஐந்தாம் நாள் இருமல் நிற்கவில்லையே என்று ஒரு கிளினிக், எட்டாம் நாள் இன்னொன்று, பத்தாம் நாள் அவசர சிகிச்சைப் பிரிவு என்று அலைவார். கடைசியாகக் கொடுத்த மருந்தில்தான் குணமானது என்று நம்புவார். அது பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்காக இருக்கும். தொண்டை வலிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் சராசரியாக 16 மணி நேரம் முன்னதாகக் குறைகிறது, அவ்வளவுதான். ஒரு வார வலியில் 16 மணி நேரம். அதற்கு விலையாக வயிற்றுப்போக்கு, தடிப்பு, அடுத்த முறை அந்த மருந்து கேட்காமல் போகும் வாய்ப்பு.

மக்கள் கண்மூடித்தனமாக ஆஸ்பத்திரிகளுக்கு ஓடுகிறார்கள் என்ற எண்ணமே தவறு. 1961-இல் மருத்துவ ஆய்வாளர் கெர் வைட்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட கணக்கு எனக்கு மாணவனாக இருந்தபோதே வியப்பாக இருந்தது. 1000 பெரியவர்களில் ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதோ ஒரு உபாதை வருகிறது. 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். ஒருவர் மட்டுமே பல்கலைக்கழகப் பெரிய மருத்துவமனைக்குப் போகிறார். 2001-இல் அமெரிக்காவில் மறுபடி கணக்கிட்டபோது 1000 பேரில் 800 பேருக்கு அறிகுறிகள், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள் 13 பேர். ஆகப் பெரும்பாலான உபாதைகளை மக்கள் வீட்டிலேயே, தாங்களாகவே, சரியாகவே கையாள்கிறார்கள். அவர்களைத் திட்ட வேண்டியதில்லை. அந்த 13 பேரில் ஒருவராக இருக்க வேண்டியவர் வீட்டில் படுத்திருக்கிறாரா என்பதுதான் என் கவலை.

வேறு சில உபாதைகள், சுருக்கமாக. பல்வலிக்குப் பல் மருத்துவர்தான். என்னிடம் வந்து ஆன்டிபயாட்டிக் வாங்குவதால் பல் சரியாகாது. தீக்காயத்துக்கு எங்கே ஓடுவதற்கும் முன்பு 20 நிமிடம் குளிர்ந்த ஓடும் நீர். கான்டாக்ட் லென்ஸ் போடுபவருக்குக் கண் சிவந்து வலித்தால் அன்றே கண் மருத்துவர். முதுகுவலி அநேகமாக சில வாரங்களில் குறையும். ஆனால் இரண்டு கால்களுக்கு நடுவே மரத்துப்போனால், சிறுநீர் கழிக்க முடியாமல் போனால் அவசர சிகிச்சை. தொண்டை வலியில் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிந்தாலும் அப்படியே. தலையில் அடிபட்டு நினைவு தப்பியிருந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ காத்திருக்கக் கூடாது. நெஞ்சு வலி, வாய் கோணுவது, ஒரு கை தொங்கிப்போவது, பேச்சுக் குழறுவது இவை சின்ன உபாதை என்ற தலைப்புக்குள்ளேயே வராது. ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், தானாக வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

மாற்றியவை

முதலில் கேள்வித்தாளைக் கிழித்துப் போட்டேன். இப்போது எங்கள் வரவேற்பாளர் முதலில் கேட்பது: யாருக்கு, என்ன வயது? அடுத்து: வழக்கம்போல் இருக்கிறாரா, இல்லையென்றால் என்ன மாற்றம்? மூச்சைப் பற்றி ஒரு கேள்வி, குடிப்பதும் சிறுநீரும் பற்றி ஒரு கேள்வி. டிகிரி கடைசியில் வருகிறது. பதிலில் ஏதாவது உறுத்தினால் அப்போதே என்னிடமோ செவிலியரிடமோ போனைக் கொடுத்துவிட வேண்டும், நான் நோயாளியோடு இருந்தாலும் சரி. இதனால் ஒரு நாளில் பலமுறை என் பேச்சு தடைபடுகிறது. பரவாயில்லை.

இரண்டாவது, யாரை வீட்டுக்கு அனுப்பினாலும் மூன்று விஷயங்களைச் சொல்லி அனுப்புகிறோம்: இது எத்தனை நாள் இருக்கும், எதைக் கண்டால் திரும்பி வர வேண்டும், அப்போது எங்கே வர வேண்டும். ஒரு சின்னச் சீட்டில் கையால் எழுதிக் கொடுக்கிறோம். அச்சடித்த தாளை யாரும் படிப்பதில்லை, கையெழுத்தைப் படிக்கிறார்கள். வீட்டில் முதியவரோ கைக்குழந்தையோ இருந்தால், ‘இந்த அறிவுரை இவருக்கு மட்டும்’ என்று மேலே ஒரு வரி. அவர்களுக்கு இருமல் தொடங்கினால் அன்றே போன் செய்யச் சொல்கிறோம். முதல் இரவில் அவசர சிகிச்சைப் பிரிவில் இந்தச் சீட்டு ஒன்று கிடைத்திருந்தால், பாட்டியின் கதை ஏழாம் நாளே வேறு மாதிரிப் போயிருக்கக்கூடும்.

மூன்றாவது எனக்குத்தான் கடினமாக இருந்தது. தேவையில்லாமல் வந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும் நேரத்தில் அதை வாயால் சொல்வதில்லை, முகத்திலும் காட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். வந்ததற்குக் காரணம் எதுவோ அதைக் கேட்கிறேன். “எதை நெனச்சு பயந்தீங்க?” என்று கேட்டால் பெரும்பாலும் அண்ணன் மகனின் வலிப்பு போல ஒன்று வெளியே வரும். அதற்குப் பதில் சொன்னால் அடுத்த முறை அவர் இரவில் ஓடி வர மாட்டார். வர வேண்டிய நேரத்தில் தயங்கவும் மாட்டார். திட்டினால் முதலாவது நடக்கும், இரண்டாவது நடக்காது.

மருந்துக்கடையோடும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அந்த மருந்தாளுநர் சந்தேகம் வந்தால் நேரடியாக என் எண்ணில் அழைக்கலாம். போன மாதம் மட்டும் இரண்டு முறை அழைத்தார். ஒன்று, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் மூட்டு வலிக்கு வலி மாத்திரை வாங்க வந்தபோது. இன்னொன்று, மூன்று வாரமாகத் தொடர்ந்து நெஞ்செரிச்சல் மருந்து வாங்கும் 60 வயதைத் தாண்டிய ஒருவர், எடையும் குறைந்திருக்கிறது என்று போகிற போக்கில் சொன்னபோது. இரண்டு பேரையும் மறுநாளே பார்த்தேன்.

பாட்டி இப்போது நடக்கிறார். முன்பு போல வேகமில்லை, மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார். மருத்துவமனையிலிருந்து வந்த மறு வாரம் போய்ப் பார்த்தபோது, கிளினிக் செய்த தவறை மகளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: நாங்கள்தான் முதல் நாள் அவசரப்பட்டு ஓடினோம், அதனால்தான் பிறகு தயங்கினோம். நீங்கள் ஓடியதில் தப்பில்லை என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் குழந்தைக்குக் காது வலி என்று இரவு ஒன்பது மணிக்கு அழைத்தார். எடை சொன்னார், கொடுத்த மருந்தின் அளவை மில்லிகிராமில் சொன்னார், குடிக்கிறாள், விளையாடுகிறாள், காதுக்குப் பின்னால் வீக்கமில்லை என்று நான் கேட்கும் முன்பே சொன்னார். காலையில் அழைத்து வாருங்கள் என்றேன். எல்லாம் சரிதான். ஆனால் அன்றும் அவர் பேச்சைத் தொடங்கியது, “சும்மா தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க டாக்டர்” என்றுதான்.